கூழுக்கு எத்தனை உருண்டை

ஆடி மாதம், மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமை. கே.ஜி.கண்டிகை மாவு மில்லில் நாலு படி கேழ்வரகை அரைத்து வாங்கிக்கொண்டு தேவகி வெளியே வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். மாவின் சூடு பையைத் தாண்டி இடுப்பில் இதமாகப் பட்டது. மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்து, ஒரு சொட்டும் போடாமல் கலைந்துபோகிற காற்று. ரோட்டுப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. புது மோட்டூருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

மில்லுக்குப் பக்கத்தில் வேடியப்பனின் டீக்கடை. வேடியப்பன் தேவகிக்குப் பாவா முறை. அக்காள் புருஷனின் தம்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

"இன்னா மச்சினிச்சி, மூட்டைய தூக்கிகினு போற? ஒரு வேளைக்கு இம்மாம் மாவு எதுக்கு?"

"காலங்காத்தால இன்னா பாவா ஒளர்ற?"

"நானா ஒளர்றேன்? பேப்பர்ல போட்டுக்கீது. எட்டாவது படிச்சவதானே நீ, வந்து படி."

பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே, சுவரில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. தேவகியின் கண் முதலில் போய் நின்றது படத்தில். அவள் வீட்டு அடுப்பு. அடுப்பின் மேல் அவள் வீட்டு அலுமினியக் குண்டான். மகள் உதயா ஆறு வயதில் கிணற்று மேட்டிலிருந்து உருட்டிவிட்டு இடது பக்கம் ஒடுங்கிப்போன குண்டான். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வருஷா வருஷம் இரவல் போகிற பாத்திரம் ஆகையால், மோட்டூரில் அந்த ஒடுக்கத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

'புது மோட்டூரில் 112 வீடுகளில் 76 வீடுகள் நாளுக்கு ஒரு வேளை உணவு மட்டுமே உண்கின்றன. வரும் புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருத்தணி மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் எங்கள் ஆய்வை அதிகாரிகளிடமும் பொதுமக்களிடமும் எடுத்துச் சொல்கிறோம். அனைவரும் வருக. அனுராதா, சமியுல்லா, ஆய்வு மாணவர்கள்.'

தேவகி இரண்டு முறை படித்தாள். காது மடல் சுட்டது.

"இத்த நம்ம அனு பொண்ணா எழுதிச்சி?"

"பேரு போட்டுக்கீதே. லோடு வண்டிக்காரனுங்க காலையிலிருந்து இத்தப் படிச்சிப் படிச்சிச் சிரிக்கிறானுங்க. நான் நம்பல. ஆனா உங்க ஊட்டச் சொன்னா நம்பிடுவேன். உன் ஊட்டுக்காரன் நம்ம கடைப்பக்கம் வந்தே ஒரு மாசமாவுது. முன்னெல்லாம் தெனம் ஒரு டீ, ஒரு பன்னு."

தேவகிக்கு எங்கோ சுருக்கென்றது. முனியன் தினமும் விடிந்ததும் கண்டிகைப் பக்கம் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்புவான். 'பாவா கடைல டீயும் பன்னும் ஆச்சி, எனக்குக் கூழு வாணாம், நீ குடி' என்பான். ஆனால் அந்த நேரத்தில் மஞ்சள் தாள்தான் அவள் கண்ணை மறைத்தது. பாவாவுக்குப் பதில் சொல்லாமல் பையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்வதென்றால் மாசி மாதத்துக்குப் போக வேண்டும். அப்போது கரும்பு வெட்டு மும்முரம். திருவாலங்காட்டுப் பக்கம் வெட்டுக்கு ஆள் போதாமல் வீட்டுக்கு வீடு வந்து கூப்பிட்டார்கள். அந்த நாளில்தான் தோளில் ஒரு பையும் கையில் பதினாலு பக்கத் தாளுமாக அனுராதா மோட்டூருக்கு வந்தாள். சொந்த ஊர் பொள்ளாச்சி, படிப்பு சென்னையில். ஏழ்மையைப் பற்றிப் பெரிய படிப்புக்கு ஆய்வு செய்கிறாள் என்றார்கள். அவள் 'ஏனுங்க்கா', 'சரிங்க்கா' என்று இழுத்துப் பேசுவதை ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே போய்ப் பேசிக் காட்டின. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெயில் உச்சிக்கு வந்தால் நேராகத் தேவகி வீட்டுக்கு வந்து உட்காருவாள். தேவகி ஒரு சொம்பு கூழைக் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, வறுத்த மோர் மிளகாய் இரண்டை வைத்துக் கொடுப்பாள்.

தேவகியைக் கேள்வி கேட்டதும் அப்படி ஒரு மத்தியானத்தில்தான். ஒரு கையில் கூழ்ச் சொம்பு, ஒரு கையில் பேனா.

"ஒம்பதாவது கேள்விங்க்கா. நேத்து உங்க வீட்டுல எத்தனை வேளை சாப்பிட்டீங்க? டீ, காபி, மோரு, இந்த மாதிரி குடிக்கறதையெல்லாம் விட்டுருங்க. சாப்பிட்டது மட்டும் சொல்லுங்க."

"சாப்பாடா? ராத்திரி சாப்ட்டோம்."

"ஒரு வேளைதானுங்களா?"

"ஆங், ஒரு வேளைதான். ரெண்டு வேளைக்கு ஒல வெச்சிகினு இருந்தா கரும்ப யாரு வெட்றது?"

அனுராதாவின் பேனா நின்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மோர் மிளகாய்க் காரம் என்று நினைத்துத் தேவகி இன்னும் ஒரு கரண்டி கூழை அவள் சொம்பில் ஊற்றினாள்.

திங்கட்கிழமை சாயந்தரம் ஊராட்சி எழுத்தர் வீரபத்திரன் மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள், ஒரு நூலில் கட்டிய பேனா. முனியன் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். உதயா அப்போதுதான் திருத்தணியிலிருந்து வந்திருந்தாள். பத்தொன்பது வயது; மலையடிவாரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

"தேவகி, இதுல ஒரு கையெழுத்து போடு. ஊரே போட்டுச்சி. அம்பத்தெட்டு ஆச்சி."

தேவகி வாங்கிப் படித்தாள். 'நாங்கள் மூன்று வேளையும் உணவு உண்கிறோம். ஆய்வில் சொல்லப்பட்டது உண்மைக்குப் புறம்பானது.'

"குடுமே, மொதல்ல நான் போடறேன்" என்று முனியன் எழுந்தான். "என் பொண்டாட்டி எனக்கு ஒரு வேளைதான் சோறு போடறான்னு டீக்கடையில ஒட்டிக்கீறாங்க. நான் இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு ஏரி வேலைக்குப் போறது?"

"நீ குந்துய்யா" என்றாள் தேவகி. "சார், கையெழுத்து போட்டா அந்தப் பொண்ணு இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்? பொய் எழுதிச்சின்னு ஆவும்."

"அதுக்கப்பறம்?"

"படிச்ச படிப்பு போவும், எனக்கு இன்னா தெரியும்? எனக்கு மேல இருக்கறவங்க நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க, 'இன்னாய்யா வீரபத்திரா, உன் ஊர்ல எழுவத்தாறு ஊடு பட்டினியா'ன்னு. நான் இன்னா பதில் சொல்றது? எனக்கும் புள்ளைங்க கீது தேவகி."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. தாளில் இருப்பதும் பொய்யில்லை. மூன்று வேளையும் வயிற்றுக்குள் ஏதோ போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெண் கண் கலங்கிக்கொண்டு எழுதியதும் தேவகிக்கு நினைவில் இருந்தது. பொய் எழுதுகிறவள் முகம் அப்படி இருக்காது.

"நாளைக்குப் பாக்கலாம் சார்."

"நாளானைக்கிக் கூட்டம்."

"ஆங், அதுக்குள்ள ஒரு நாள் கீது இல்ல?"

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அனுராதாவே வந்தாள், கூட்டத்துக்கு அழைக்க. பைக் ஓட்டிவந்தவன் சமியுல்லா. அரக்கோணத்து மெக்கானிக் வீட்டுப் பையன், அவளோடு படிக்கிறவன். ஊருக்குள் அவன் வந்ததே இல்லை. அவள் கேட்டு வந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்கெடுத்துப் படம் போடுவது அவன் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அனுராதாவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வழியெல்லாம் ஒருவரும் 'வாம்மா அனு' என்று சொல்லவில்லை.

"ஏனுங்க்கா, எல்லாரும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போறாங்க?"

"நீ எழுதினத ஊரே படிச்சிகினு கீது. உக்காரு. வெயில்ல வந்துக்கிற" என்று தேவகி வழக்கம்போல இரண்டு சொம்பு கூழைக் கொண்டுவந்து வைத்தாள். கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்கள் தொண்டை காய்ந்து உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியாது. வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ஏம்மா, எங்க ஊட்ல ஒரு வேளைதான் துன்றோம்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

அனுராதா பையிலிருந்து பதினாலு பக்கத் தாளை எடுத்து ஒன்பதாவது கேள்வியைக் காட்டினாள். "ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடுன்னு சொன்னீங்க்கா. உலை ஒரு வேளைதான்னீங்க."

"ஆமா, ஒல ஒரு வேளைதான். சாப்பாடு ராத்திரிதான். காலைல கூழு குடிக்கறோம். மத்தியானம் களி, இல்லாட்டி மறுபடி கூழு. நீகூடக் குடிச்சிகினுதானே எழுதின?"

அனுராதா கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள். "இதுங்களா? நான் இதைக் குடிக்கற கணக்குல..." என்று நிறுத்தினாள்.

சமியுல்லா தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ! அனு, எங்க அம்மா ஆலம் பீயும் அப்படித்தான் சொல்லும். காலைல நாலு ரொட்டி துன்னுட்டு, மத்தியானம் போன் பண்ணா, 'காலையிலேர்ந்து சாப்பிடலடா'ன்னு சொல்லும். சோறு துன்னாத்தான் எங்க ஊர்ல சாப்பாடு. மீதியெல்லாம் நாஷ்டா, கூழு, களி. நீ என்னா கேட்டன்னு எனக்குத் தெரியாது, நம்பர மட்டும் குடுத்த, நான் பாட்டுக்குப் படம் போட்டேன்."

"குறிப்புல வேற ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றாள் அனுராதா. "'வீட்டுக்கு வருவோருக்குப் புளிப்பான பானம் ஒன்று கொடுத்து உபசரிக்கிறார்கள்'னு."

முனியன் முதலில் சிரித்தான். பிறகு, "புளிப்பான பானமாம்மே! நம்ம கூழுக்கு வந்த பவுச பாரு!" என்று தொடையில் தட்டினான். தேவகிக்கும் அடக்க முடியவில்லை. அனுராதா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்புன்னு நானே சொல்லிர்றேனுங்க்கா. கேட்டது நான்தானே."

"சொன்னா உன் படிப்பு?"

"படிப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க்கா. ரெண்டு வருஷம் இழுக்கும். அது பரவால்ல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கரும்பாலை நிக்கற நாலு மாசமும் மோட்டூருக்கு ரேஷன்ல கேழ்வரகு கூடுதலாக் கொடுக்கணும்னு கேட்டிருந்தோம். ஒரு வேளைங்கற நம்பர் இருந்துதுன்னுதான் மாவட்டத்துல இருந்து அதிகாரி வர்றாங்க. இப்ப மூணு வேளைன்னு ஆயிருச்சுன்னா, கேக்கறதுக்குக் காரணமே இல்லையே. அப்ப இங்க குறையே இல்லைங்களாக்கா?"

அதற்குத் தேவகியிடம் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அது முனியன் உட்கார்ந்திருக்கும்போது சொல்கிற பதில் இல்லை. எழுந்துபோய் வாசல் ஓரம் காய்ந்த மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

அவர்கள் போன பிறகு புளித்த மாவை எடுத்து அடுப்பில் கூழ் கிளறினாள். நொய் வெந்ததும் மாவை ஊற்றி, துடுப்பைக் குண்டானின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அழுத்தி, கட்டி தட்டாமல், வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்டக் கிளறினாள். இறக்கி ஆறவைத்து, கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்தாள். பிடித்த உருண்டைகளைத் தண்ணீர்ப் பானையில் போட்டால் மறுநாள் வேண்டிய அளவு எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம். புதன்கிழமைக்கு என்று இரண்டு உருண்டையைத் தனியாகத் தூக்கில் எடுத்து வைத்தாள். அனுவும் அந்தப் பையனும் காலையிலிருந்து மண்டபத்தில் நிற்பார்கள், பசிக்கும் என்று நினைத்துத்தான் வைத்தாள். வேறு எண்ணம் அப்போது இல்லை.

கல்யாண மண்டபத்தில் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தின் வாழைமரம் காய்ந்துபோய் இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது. மஞ்சள் வேட்டிக் காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு மலைப்படி பக்கம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே முன் வரிசையில் அதிகாரிகள். நடுவில் மாவட்டத்திலிருந்து வந்த நிர்மலா அம்மாள். கண்ணாடி, பருத்திப் புடவை, கையில் ஒரு கோப்பு. பின்னால் மோட்டூர்ப் பெண்கள் நாற்பது பேர். வீரபத்திரன் அட்டையோடு தூணோரம் நின்றார். மருந்துக்கடையில் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி கேட்டுவிட்டு உதயாவும் வந்திருந்தாள்.

வெள்ளைத்திரையில் சமியுல்லா போட்ட படத்தில் எழுபத்தாறு என்ற எண் பெரிதாக நின்றது. அனுராதா மைக்கைப் பிடித்தாள்.

"இந்த எண் தப்புங்க" என்றாள். "மோட்டூர்ல சாப்பாடுன்னா சோறு. கூழையும் களியையும் அவங்க அந்தக் கணக்குல சொல்றதில்லை. குடிக்கறதை விட்டுருங்கன்னு நானே வேற சொல்லிக் கேட்டேன். அவங்க கூழைக் குடிச்சுக்கிட்டே கேட்டேன். அந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் பொய் சொல்லலை. தப்பாக் கேட்டது நான். அவங்க அத்தனை பேரும் என்னை மன்னிக்கணும்."

பெண்கள் பக்கம் சலசலப்பு. "அடக் கூழு பண்ண வேலையா!" என்று ஒருத்தி உரக்கச் சொல்ல, சிரிப்பு எழும்பியது. இரண்டு நாளாக இருந்த இறுக்கம் அதில் பாதி கரைந்தது.

நிர்மலா அம்மாளும் சிரித்தார். "தைரியமாச் சொன்னீங்க, நல்லது. அப்போ மூணு வேளையும் சாப்பிடறாங்க. சந்தோஷமான செய்திதானே? கேழ்வரகுக் கோரிக்கையை இதோட முடிச்சுக்கலாமா?"

அனுராதா தாள்களைப் புரட்டினாள். அவற்றில் வேளைகள்தான் இருந்தன. அதிகாரி கோப்பின் நாடாவை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

தேவகி அந்த நாடாவைப் பார்த்தாள். முடிச்சு விழப்போகிறது. பக்கத்தில் முனியன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க. பேரு?"

"தேவகிங்க. அந்தப் படத்துல கீற குண்டான் என்னுதுதான்." மறுபடி சிரிப்பு. "வேளைல கொறை இல்லம்மா. மூணு வேளையும் குடிக்கறோம். வெட்டு இருந்தாலும் மூணு வேளைதான், ஆலை நின்னாலும் மூணு வேளைதான். நீங்க எப்ப வந்து கேட்டாலும் அத்தத்தான் சொல்லுவோம். ஆனா வேளைய எண்ணினா ஒண்ணும் தெரியாதும்மா."

"பின்னே எதை எண்ணணும்?"

தேவகி தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். "உதயா, சமையக்கட்டுல ரெண்டு சொம்பு, ஒரு கொடம் தண்ணி, கொஞ்சம் உப்பு வாங்கிகினு வா."

அதிகாரியின் மேஜை மேல் இரண்டு சொம்பையும் வைத்தாள். ஒன்றில் ஒரு முழு உருண்டையைப் போட்டாள். இன்னொரு உருண்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை மட்டும் அடுத்த சொம்பில் போட்டாள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கையை விட்டுப் பிசைந்து கரைத்தாள். அவள் வளையல் சத்தம் மைக்கில் கேட்டது. பிறகு முதல் சொம்பைத் தூக்கி ஒரு டம்ளரில் ஊற்றினாள். தொப்தொப்பென்று விழுந்தது.

"இது தை மாசத்துக் கூழு."

இரண்டாவதை ஊற்றினாள். அரிசி களைந்த தண்ணீர் போல நூலாக இறங்கியது. டம்ளருக்குள் அடிப்பாகம் தெரிந்தது.

"இது ஆடி மாசத்துக் கூழு. சொம்பு நெறஞ்சி கீது, பாருங்க. வயிறும் நெறஞ்சிடும். ஒரு மணி நேரத்துல பூடும். வேலை கம்மியானா நாங்க வேளைய கொறைக்க மாட்டோம்மா. உருண்டைய கொறைச்சிட்டுத் தண்ணிய ஏத்துவோம். பக்கத்து ஊட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. சொம்பு அதே சொம்புதானே."

பெண்கள் பக்கம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரும்பாமலே தேவகிக்கு அது முதுகில் தெரிந்தது. முனியன் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

நிர்மலா அம்மாள் முதல் டம்ளரைக் குடித்தார். அடுத்து ஆடி மாசத்து டம்ளரையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"உப்பு ரெண்டுலயும் சரியா இருக்கே."

"உப்ப மட்டும் கொறைக்க மாட்டோம்மா. அத்தயும் கொறைச்சா எப்படித் தொண்டையில எறங்கும்?"

அவர் நாடா முடிச்சை அவிழ்த்தார். "அனுராதா, இதை யாரும் என்கிட்ட எழுதிக் கொண்டுவரலை. நூத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி போங்க. உருண்டையைக் கேளுங்க, தண்ணியைக் கேளுங்க. மாசத்துக்கு மாசம் எவ்வளவுன்னு கேளுங்க. ஐப்பசிக்குள்ள கொண்டாங்க. கேழ்வரகு கிடைச்சுரும்னு இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா கோப்பை மூடலை."

அனுராதா மைக்கை வைத்துவிட்டு நேராகத் தேவகியிடம் வந்தாள். அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். தூணோரம் நின்ற வீரபத்திரன் அட்டையிலிருந்து தாளை உருவி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தேவகி அவரைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க ஊட்லயும் ஆடில அப்படித்தான் தேவகி."

திரும்புகிற பஸ்ஸில் முனியன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். தேவகி காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏமே."

"இன்னா?"

"தெனம் மேல நிக்கற தெளிவ நீ குடிச்சிட்டு, அடியில கெடக்கற கெட்டிய எனக்கும் பொண்ணுக்கும் வெக்கறது எனக்குத் தெரியாதுன்னு நென்சிகினியா?"

தேவகி திரும்பிப் பார்த்தாள். "பாவா கடைல பன்னு துன்னுட்டேன்னு நீ தெனம் வந்து சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியாதுன்னு நீ நென்சிகினியா? ஒரு மாசமா அந்தப் பக்கமே போவலயாமே. விடிஞ்சி ஏழு மணி வரைக்கும் எங்கய்யா போற?"

"ஏரிக்கரைல குந்திகினு இருப்பேன்" என்றான் முனியன். "அந்தப் பாவாவுக்கு வாய்ல ஒண்ணும் நிக்காது. லேசுப்பட்ட ஆளா அவன்?"

கொஞ்ச தூரம் போனது. தேவகிக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"ஏய்யா, நீ குடிக்கல. கெட்டிய நானும் குடிக்கல. அப்ப அடியில கெடந்தத தெனம் யாரு குடிச்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் முனியனின் தோள் குலுங்கியது, பிறகு தேவகியுடையது. கண்டக்டர், "இன்னாண்ணா, புதுசாக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனார்.

சாயந்தரம் உதயா வந்ததும் கேட்டார்கள். அவள் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான்தான். நைனா வாணாம்ங்குது, நீயும் ஆச்சிங்கற. வீணாப் பூடுமேன்னு பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்ன குடிச்சிட்டுப் போவேன். ஏன், இன்னா இப்ப?"

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒடுங்கிய குண்டான் அங்கே போய்விட்டு வந்தது. அது வந்து சேர்ந்த பின்னால்தான் அனுராதா புதுத் தாளோடு வந்தாள். இந்த முறை பதினாலு பக்கம் இல்லை, ஒரே பக்கம். வழியில் நாலு வீட்டில் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அவள் நடையே மெதுவாக இருந்தது.

"முதல் வீடு உங்களதுங்க்கா. கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"இந்த ஆடி மாசத்துல, காலைக் கூழுக்கு, வீட்டுல மூணு பேருக்கும் சேர்த்து எத்தனை உருண்டை?"

"மூணு" என்றான் முனியன், மீசையைத் தடவிக்கொண்டு. "ஆளுக்கு ஒண்ணு."

அனுராதா எழுதவில்லை. தேவகியைப் பார்த்தாள். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னவள், சொந்த வீட்டு வாசலில் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ரெண்டுன்னு வெச்சிக்கயேன்."

"ஒண்ணரை" என்றாள் உதயா, துணி மடித்துக்கொண்டே. "தெனம் குடிக்கறவ நான் சொல்றேன். நைனா, நீ சும்மா இரு. ஒண்ணரைன்னு எழுதுக்கா."

முனியன் கையை மீசையிலிருந்து எடுத்தான். தேவகி புடவைத் தலைப்பை விட்டாள். சமியுல்லா கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த தாளில், விடைக்கென்று ஒரே ஒரு எண் மட்டும் நுழைகிற மாதிரி சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. அனுராதா ஒன்றைக் கட்டத்துக்குள் எழுதினாள். அரைக்கு இடம் இல்லை. பேனாவைத் தூக்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைக் கட்டத்துக்கு வெளியே, யாரும் பார்க்காமல் போக முடியாதபடி, பெரிதாக எழுதினாள்.